ஒற்றைக் கையால் திறக்கும் பானெட்

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று காலை காரைத் துடைக்கும்போது இடது ஹெட்லைட்டுக்குக் கீழே என் விரல் உள்ளே போய்விட்டது. வெளியே பெயிண்ட் மட்டும்தான் தோல் மாதிரி இருந்தது. உள்ளே இரும்பு இல்லை, பழுப்புத் தூள்தான் இருந்தது.

எங்கள் கார் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். மெட்ராஸில் செய்தது, வெளிர் பச்சை, அம்மாவைவிட வயதில் மூத்தது. மற்ற கார்களில் பானெட் என்றால் எஞ்சினுக்கு மேலே இருக்கும் மூடி. ஹெரால்டில் ஹெட்லைட், மட்கார்டு, மூக்கு எல்லாம் சேர்ந்து ஒரே துண்டு. இரண்டு பக்கக் கொக்கிகளையும் விடுவித்துத் தூக்கினால் காரின் முன்பாதி முழுவதும் அப்படியே முன்னால் சாயும். எஞ்சினும் முன்சக்கரங்களும் வெட்டவெளியில் நிற்கும். அம்மா சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்ப்பாள். அவள் பம்பு கம்பெனியில் மோட்டார்களைச் சோதித்து அனுப்பும் பிரிவில் இருக்கிறாள். காரை மெக்கானிக்கிடம் விட்டதே கிடையாது.

நவம்பரில் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தது. இனி இடது கையால் எடை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிணநீர் முடிச்சுகள் பற்றிய பாடத்தை நான் முன்பே படித்திருக்கிறேன், அதை இங்கே எழுத வேண்டியதில்லை. நான் எழுத வந்தது இதுதான்: நவம்பருக்குப் பிறகு அந்த பானெட்டை யாரும் திறக்கவில்லை.

துருவை எப்படி நிறுத்துவது என்று கண்டுபிடிக்கப் போகிறேன். பிளஸ் ஒன் பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

பிப்ரவரி 12, புதன்

துருவை நிறுத்த முடியாது. வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைக்க வேண்டும், அல்லது ஃபைபரில் புது பானெட் போட வேண்டும். ஃபைபர் துருப்பிடிக்காது. இரும்பைவிட எடையும் மிகக் குறைவாம்.

எடை குறைவு என்ற வரியை நான் பலமுறை படித்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்று அப்பாவின் மேல் அநியாயமாகக் கோபப்பட்டேன்.

அம்மா குளித்துக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. எடுத்தேன். ஏற்காட்டிலிருந்து பூபாலன் என்று ஒருவர். பழைய கார்கள் சேர்க்கிறவர். "ஏப்ரல் கடைசி ஞாயிறு வண்டியைப் பார்க்க வர்றதா மேடம்கிட்ட சொல்லிடும்மா. எல்லாமே அசல் இரும்புதானே? ஃபைபர் கிய்பர் ஒண்ணும் இல்லையே?" என்றார்.

அம்மா காரை விற்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை, நேராக அப்பாவிடம் போனேன். அப்பா கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர். ஸ்கூட்டர் தவிர எதையும் ஓட்டத் தெரியாது.

"காரை விக்கப் போறீங்களாப்பா? அம்மாவுக்குத் தெரியாம?"

"நானா? அம்மிணி, எனக்கு அந்தக் காருல டயர் எங்க இருக்குன்னே தேடணும். அதை நான் விக்கறதா?"

தலையைத் துவட்டிக்கொண்டே அம்மா வந்தாள். "அவரை ஏன் மிரட்டற? நான்தான் பூபாலனைக் கூப்பிட்டேன்."

"ஏம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

"பானெட்டைத் திறக்க ஒவ்வொரு தடவையும் ஆளைக் கூப்பிடணும்னா, அது என்ற காரே இல்ல கண்ணு. டாக்ஸி."

"நான் தூக்கறேன்."

"நீ ரெண்டு வருசத்துல காலேஜ் போயிடுவ. உங்கப்பா தூக்கினா அப்புறம் ரெண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரி." அப்பா சிரிக்கவில்லை. அம்மா துண்டை உதறினாள். "தவிர, நான் எப்பவும்..." என்று ஆரம்பித்தவள் வாக்கியத்தை முடிக்காமல் கொடியில் துண்டைப் போட்டாள்.

நானும் கேட்கவில்லை. ஃபைபர் பானெட் பற்றிச் சொன்னேன். தெரிந்த எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அம்மா, கம்பெனியில் மோட்டாரின் சத்தத்தைக் கேட்பது போலத் தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"சரி. பூபாலன் வர்றதுக்குள்ள, நான் வலது கையால மட்டும் தூக்கற மாதிரி ஒண்ணு கொண்டு வா. ஆனா பைபாஸ்ல லாரி தாண்டினா அது படபடன்னு அடிக்கக் கூடாது. என்ற காரு மூஞ்சி மாறக் கூடாது. இது மூணும் இருந்தா வண்டி இங்க நிக்கும். இல்லேன்னா ஏற்காடு."

"முடியும்" என்றேன். முடியும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கணபதி ஏரியாவில் பஸ்களுக்கு முன்முகம் செய்யும் பட்டறை. அப்பா ஸ்கூட்டரில் கூட்டிப் போனார். கண்ணாடி நாரைப் பாய் போல விரித்து, ரெசின் என்ற பிசினை ஊற்றி, உருளையால் அழுத்துகிறார்கள். ரெசின் வாசம் நெயில் பாலிஷ் கடலுக்குள் நாங்கள் விழுந்துவிட்டது போல இருந்தது. அப்பா கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, "கொள்ளையடிக்க வந்தவன்னு நினைச்சுக்கப் போறாங்க" என்றார்.

அங்கே ஹெரால்டுக்குச் செய்த பானெட் ஒன்று விலை போகாமல் கிடந்தது. "பஸ் மோதினாலும் ஒண்ணும் ஆகாதுங்க" என்றார் பட்டறைக்காரர். நானும் அப்பாவும் சேர்ந்து ஒரு ஓரத்தைத் தூக்கினோம். பஸ் மோதினால் பஸ்ஸுக்குத்தான் ஏதாவது ஆகும். பாய்மேல் பாயாக அவ்வளவு அடுக்கியிருக்கிறார்கள்.

அம்மாவை அழைத்துவந்து காட்டலாம் என்று அப்பா சொன்னார். மாலையில் அம்மாவும் வந்தாள். வலது கையால் விளிம்பைப் பிடித்துத் தூக்கினாள். கொஞ்சம் எழும்பியது. இடது கை தானாக உதவிக்கு வந்தது, உடனே அதைக் கீழே இறக்கிக்கொண்டாள்.

"பரவால்ல" என்றாள். எங்கள் வீட்டில் பரவாயில்லை என்றால் வேண்டாம் என்று அர்த்தம்.

மார்ச் 1, சனி

வெளியூர் கம்பெனி ஒன்று மாதிரித் துண்டு அனுப்பியிருக்கிறது. ரேஸ் கார்களுக்குச் செய்கிறவர்கள். கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. இரண்டு விரலால் தூக்கலாம். நான் குதித்துவிட்டேன்.

பிறகு மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். சில இடங்களில் வெளிச்சம் அப்பளத்தின் வழியாக வருவது போல வந்தது, சில இடங்களில் வரவில்லை. அதாவது நார் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. போல்ட் போடும் ஓட்டையைச் சுற்றி இப்போதே மயிரிழைக் கீறல். ஓரத்தைப் பிடித்து ஆட்டினால் அட்டைப்பெட்டி மூடி போல அடிக்கிறது.

அப்பா, "அழகா இருக்கே, இதையே எடுத்துக்கலாம்ல?" என்றார்.

"லாரி தாண்டினா கிழிஞ்சிடும்பா."

"பேராசிரியர் நீயா நானா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஆனால் அன்று மாலை தன் கல்லூரி நண்பர்கள் எல்லாரிடமும் போனில் வெயில் சோதனையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், தான் கண்டுபிடித்தது போல.

மார்ச் 8, சனி

கிடைத்துவிட்டது! குறிச்சியில் ஜமீலா அக்கா பட்டறை. பூங்காவுக்கு ஒட்டகச்சிவிங்கி, கல்யாண மண்டபத்துக்கு யானை, எல்லாம் ஃபைபரில் செய்கிறார். வாசலில் தலை இல்லாத ஒட்டகச்சிவிங்கி ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு ஹெரால்ட் பானெட்டும் இருந்தது.

ஓரங்களிலும் கீல் வரும் இடத்திலும் மட்டும் பாயைக் கூட்டிப் போட்டிருக்கிறார். நடுவில் குறைவு. அது அடிக்காமல் இருக்க, அடியில் விலா எலும்பு மாதிரிக் குறுக்குக் கட்டைகள். விரலால் தட்டினால் பூசணிக்காய் மாதிரிச் சத்தம் வந்தது. ஒரு பக்கமாக நானே ஒற்றைக் கையால் தூக்கிவிட்டேன்.

ஆனால் ஏதோ சரியில்லை. பத்தடி தள்ளிப் போய் நின்று பார்த்தேன்.

"அக்கா, இதுக்கு இடது கண்ணு தூங்குது."

ஜமீலா அக்கா என் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். ஹெட்லைட்டுக்கு மேலே ஹெரால்டுக்குப் புருவம் மாதிரி ஒரு மடிப்பு உண்டு. இடது புருவம் ஒரு விரல் கீழே இருந்தது.

"அடியாத்தி" என்றார். "இதோட அச்சு எடுத்த காரு எங்கயோ இடிச்சுத் தட்டி எடுத்ததாம். ரெண்டு பேருக்குப் போட்டுக் குடுத்துட்டேன், ஒரு மனுசனும் கேக்கல. நீ வந்து நிக்கறதுக்குள்ள சொல்ற!"

"அச்சுல சரி பண்ண முடியாதாக்கா?"

"பண்ணலாம். ஆனா அது உங்க கார் மூஞ்சியா இருக்காது. நான் நினைச்ச மூஞ்சியா இருக்கும். உங்க பானெட்டையே கொண்டு வா, அதுலயே புதுசா அச்சு எடுப்போம். ஆனா ஒண்ணு. அச்சுக்கு இரக்கமே கிடையாது. குழி இருந்தா குழி, பரு இருந்தா பரு, விரல் ரேகை இருந்தா அதையும் எடுத்துக்கும்."

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். முகம் மாறக் கூடாது என்றால் இது ஒன்றுதான் வழி என்றேன். அம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். "உப்புத்தாள் வாங்கிட்டு வா" என்றாள்.

மார்ச் 16, ஞாயிறு

அப்பா, நான், பக்கத்து வீட்டு அண்ணன்கள் இருவர், எல்லாரும் சேர்ந்து இரும்பு பானெட்டைக் கழற்றி இறக்கினோம். துரு தின்ற இடங்களில் அம்மா பட்டி பூசி, வலது கையால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். நாளுக்குக் கொஞ்சம். நான் தேய்க்கிறேன் என்று போனால், "உன் கை கெமிஸ்ட்ரிக்குப் போகட்டும்" என்று விரட்டினாள். இன்று முடிந்தது. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, "ம்" என்றாள்.

சின்ன யானை வேனில் ஏற்றிக் குறிச்சிக்கு அனுப்பினோம். முன்பாதி இல்லாத கார் ஷெட்டில் நிற்கிறது. அப்பா அதைத் தாண்டிப் போகும்போது தலையைத் திருப்பிக்கொள்கிறார்.

மார்ச் 27, வியாழன்

பரீட்சை முடிந்தது. நன்றாக எழுதினேன். இயற்பியல்கூட எளிதுதான். பத்தாவதிலிருந்தே மின்சாரம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

ஏப்ரல் 4, வெள்ளி

அம்மாவும் அப்பாவும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஸ்கேன். நான் ஃபைபரின் மேற்பூச்சான ஜெல்கோட்டை எப்படி மஞ்சளாகாமல் காப்பது என்று படித்தேன். அவர்கள் வந்ததும் தோசை சுட்டேன். மூவரும் நிறைய சாப்பிட்டோம்.

ஏப்ரல் 12, சனி

அச்சிலிருந்து பானெட்டைப் பிரித்தார்கள். மரக் கட்டையை இடுக்கில் வைத்து மெல்லத் தட்டினார் ஜமீலா அக்கா. ஒரு பெருமூச்சு மாதிரிச் சத்தம், பிரிந்து வந்துவிட்டது. இரண்டு கண்ணும் விழித்திருந்தன.

பூபாலன் போன் செய்தார். இருபத்தேழாம் தேதி உறுதி.

ஏப்ரல் 18, வெள்ளி

விரிவாக எழுதப் போகிறேன்.

காலையில் ஜமீலா அக்கா தன் ஆட்களுடன் வந்து புதுப் பானெட்டை மாட்டினார். பெயிண்டும் அவரே அடித்திருந்தார், அதே வெளிர் பச்சை. பழைய இரும்பைத் திருப்பிக் கொண்டுவந்து ஷெட் சுவரில் சாய்த்து வைத்தார்கள். ஹெட்லைட், சைடு லைட், ஹாரன் எல்லாம் பழையதிலிருந்து எடுத்துப் புதியதில் பொருத்தியாகிவிட்டது. கதவுக்கும் பானெட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவு. நான் தாள் மடித்துச் சொருகிப் பார்த்தேன்.

"வாங்க மேடம்" என்றார் ஜமீலா அக்கா. "உங்க பொண்ணு போட்ட ஆர்டர். எடுத்துப் பாருங்க."

அம்மா கொக்கிகளை விடுவித்தாள். இடது கையை முந்தானைக்குள் சுருட்டி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வலது கையால் விளிம்பைப் பிடித்தாள். தூக்கினாள்.

அது ஜன்னல் திறப்பது போலத் திறந்தது.

அம்மா மூடினாள். மறுபடி திறந்தாள். மறுபடி மூடினாள். ஜமீலா அக்கா ஒட்டகச்சிவிங்கிக்குத் தலை வைத்த அன்றுகூட இவ்வளவு சந்தோஷப்படவில்லை என்றார்.

பிறகு அம்மா உள்ளே உட்கார்ந்து ஹெட்லைட் சுவிட்சைப் போட்டாள். எரியவில்லை. சைடு லைட்டும் எரியவில்லை. ஹாரனை அழுத்தினாள். சத்தமே இல்லை.

"கண்ணும் தெரியல, வாயும் பேசல" என்றார் அப்பா, மெதுவாக.

ஜமீலா அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. "வயரெல்லாம் இருந்த மாதிரியே மாட்டினோமே! ஒட்டகச்சிவிங்கிக்கு லைட்டு வெச்சதே இல்லீங்களே நான்." நான் ஃபியூஸைப் பார்த்தேன். பல்பைக் கழற்றி பேட்டரியில் நேராக வைத்துப் பார்த்தேன், எரிந்தது. எல்லாம் சரியாக இருந்தும் எதுவும் வேலை செய்யவில்லை. எடை, பாய், விலா, புருவம் எல்லாவற்றையும் பார்த்த நான் எதையோ பார்க்கவில்லை. ஓட்ட முடியாத காரை யார் வைத்துக்கொள்வார்கள்? ஏற்காடு ஏற்காடு என்று மனசுக்குள் ஓடியது.

அப்போது அம்மா சிரித்தாள். நவம்பருக்குப் பிறகு அவள் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

எனக்கும் அந்த நொடியில்தான் உறைத்தது. பழைய காரில் விளக்குக்கு ஒரு வயர்தான் போகும். மின்சாரம் திரும்பி வர வயர் கிடையாது. பானெட்டின் இரும்பு வழியாகவே பேட்டரிக்குத் திரும்பிவிடும். நாங்கள் இரும்பை எடுத்துவிட்டோம். ஃபைபரில் மின்சாரம் போகாது. ஒவ்வொரு விளக்குக்கும் போகும் வழி இருந்தது, திரும்பி வரும் வழியைக் காணோம். மின்சாரம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று எழுதிய அதே பேனாவால் இதை எழுதுகிறேன்.

"எர்த்து!" என்று கத்தினேன்.

"எர்த்தேதான்" என்று அம்மா இறங்கினாள். "தினம் நாப்பது மோட்டாருக்கு எர்த்து பாக்கறவ வீட்டுலயே. வெளிய சொல்லிடாதீங்க, சம்பளத்தைப் புடிச்சுக்குவாங்க."

யாரையும் கூப்பிடாமல் வலது கையால் பானெட்டைத் திறந்தாள். சக்கரத்தின் மேல் ஏறி உட்கார்ந்தாள். கறுப்பு வயர் எடுத்து ஒவ்வொரு விளக்கிலிருந்தும் ஹாரனிலிருந்தும் காரின் இரும்புச் சட்டமான சேசிஸுக்கு இழுத்துக் கட்ட ஆரம்பித்தாள். அப்பா, ஜமீலா அக்காவுக்குக் காபி போட உள்ளே போனார். நான் எதிர்ச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்தேன். எங்களுக்கு நடுவில் எஞ்சின் இருந்தது.

அம்மா பல்லால் வயரின் தோலை உரித்துக்கொண்டே கேட்டாள், "நீ ஏன் கண்ணு ஸ்கேனைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல?"

"பரீட்சை..."

"பரீட்சை அதுக்கு முன்னாடியே முடிஞ்சுது."

ரேடியேட்டர் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கேட்டேன். "என்ன சொன்னாங்க?"

"இப்போதைக்கு எங்கயும் இல்லைன்னாங்க. ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாக்கணும். அப்புறம் மறுபடி. கேன்சர்னா அப்படித்தான், வந்து வந்து எட்டிப் பாத்துட்டே இருக்கணும்."

"திரும்பி வருமா?"

"வரலாம். வராமயும் போகலாம். அந்த ஸ்பேனரை எடு."

எடுத்துக் கொடுத்தேன். அம்மா நட்டை முடுக்கினாள். "போய் சுவிட்சைப் போடு."

போட்டேன். இரண்டு கண்களும் எரிந்தன. ஹாரன் அடித்தேன். உள்ளே அப்பா எதையோ கீழே போட்டுவிட்டார்.

ஏப்ரல் 19, சனி

பைபாஸ். லாரி, பஸ், மறுபடி லாரி. பானெட் அசையவில்லை. பின்சீட்டில் அப்பா கண்ணை மூடிக்கொண்டு, "அடிக்குதா? அடிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

மூன்று நிபந்தனைகளும் ஆயிற்று என்றேன். அம்மா ஷெட்டில் காரை நிறுத்திவிட்டு, சுவரில் சாய்ந்திருந்த பழைய இரும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பூபாலன் வந்தார். வெள்ளைச் சட்டை, நல்ல மனிதர். கையில் ஒரு சின்னக் காந்தம், கார் பெயிண்ட்டில் கீறல் விழாமலிருக்க அதைக் குழந்தையின் சாக்ஸுக்குள் போட்டு வைத்திருந்தார். கதவில் வைத்தார், ஒட்டியது. டிக்கியில் வைத்தார், ஒட்டியது. பானெட்டில் வைத்தார். காந்தம் வழுக்கிக்கொண்டு போய் மண்ணில் விழுந்தது.

அவர் அதை எடுத்துத் துடைத்தார். "மேடம், இது ஃபைபர்."

"ஆமாங்க. வர வேண்டாம்னு போன்லயே சொல்லியிருக்கணும். எனக்கே முடிவு தெரியலைங்க" என்றாள் அம்மா.

"இரும்பு?"

அம்மா ஷெட்டைக் காட்டினாள். அவர் போய்ப் பார்த்தார். குனிந்து, முட்டி போட்டு, உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"துருவை வெட்டித் தகடு வெச்சாப் போதும், ஒண்ணும் கெட்டுப் போகலை. அதையும் சேர்த்துக் குடுத்துடுங்க. நான் மறுபடி இரும்பையே மாட்டிக்குவேன். பேசின மாதிரியே எடுத்துக்கறேன்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். இதை நான் யோசிக்கவே இல்லை. பழைய இரும்பு சுவரில் சாய்ந்திருக்கும்வரை இந்தக் காரை எந்த நாளும் விற்கலாம். ஃபைபரை நாலு போல்ட்டில் கழற்றிவிடலாம்.

அம்மா ஷெட்டுக்குப் போய் இரும்பின் விளிம்பை உள்ளங்கையால் ஒருமுறை தடவினாள். பிறகு சொன்னாள், "உங்ககிட்ட ஏற்கனவே ஒரு ஹெரால்ட் இருக்குதுன்னு போன்ல சொன்னீங்கல்ல. முன்னாடி நசுங்கினது."

"இருக்குங்க."

"அதுக்கு இந்த இரும்பை எடுத்துட்டுப் போங்க. காரு இல்லீங்க."

பூபாலன் அவளையே பார்த்தார். கோபப்படவில்லை, கவலைப்பட்டார். "மேடம், கொஞ்சம் யோசிங்க. அசல் பானெட் கையை விட்டுப் போயிடுச்சுன்னா, அப்புறம் இந்த வண்டியை என்னை மாதிரி ஆளுங்க யாரும் சீந்த மாட்டோம். பின்னாடி விக்கணும்னு நீங்க நினைச்சாலும் விக்க முடியாது."

"அதுக்குத்தாங்க" என்றாள் அம்மா.

அப்பா திரும்பிக்கொண்டு தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

பூபாலன், அவருடைய டிரைவர், அப்பா மூவரும் சேர்ந்து முக்கி முனகி இரும்பை வண்டியில் ஏற்றினார்கள். அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்று, "இடது பக்கம் இன்னும் கொஞ்சம்... பேராசிரியரே, காலைப் பாத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வண்டி தெருமுனை திரும்பியது.

"சரி. இப்ப என்ன?" என்றார் அப்பா.

"பாலு தீந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு அம்மா கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பால் கடை அடுத்த தெருவில் இருக்கிறது. அம்மா இருட்டிய பிறகுதான் வந்தாள். முகம் முழுக்கக் காற்று அடித்துத் தலை கலைந்திருந்தது. பொள்ளாச்சி ரோட்டில் ரொம்ப தூரம் போய்விட்டாளாம்.

பால் வாங்கவில்லை.